அம்மாவின் விருப்பம் யாருக்குத் தெரியும்?

கடைசிக் காலப் பராமரிப்பைப் பற்றிச் சப்ரகமுவ தோட்டத்து இளம் தலைமுறை என்ன நினைக்கிறது?

தோட்டங்களில் வாழும் எமது மக்களுக்கு மரண உதவிச் சங்கம் பழக்கமான ஒன்று. மாதாமாதம் சந்தா கட்டுகிறோம். லயத்தில் ஒருவர் கண்ணை மூடினால் பெட்டிக்கும் பந்தலுக்கும் சங்கம் கைகொடுக்கிறது. குழி வெட்டப் போவது யார், தப்பு அடிக்க யாரை அழைப்பது, கருமாதிக்கு எத்தனை பேருக்குச் சமைப்பது என்பதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்காமலே நடக்கின்றன. ஆகவே சாவுக்கு முன்கூட்டியே ஆயத்தம் செய்யத் தெரியாத சமூகம் அல்ல நாம்.

ஆனால் சாவுக்கு முந்திய அந்த ஆறு மாதம்? படுக்கையில் விழுந்த தாயை வீட்டில் வைத்துப் பார்ப்பதா, ஆஸ்பத்திரியில் விடுவதா? இன்னுமொரு சத்திர சிகிச்சைக்குச் சம்மதிப்பதா? மூச்சு நின்றால் இயந்திரத்தில் போடச் சொல்வதா? வலிக்கு என்ன செய்வது? இவற்றுக்குச் சங்கமும் இல்லை, சந்தாவும் இல்லை, வீட்டில் பேச்சும் இல்லை. அந்த நேரம் வரும்போது வைத்தியர் "இவருடைய பிள்ளைகள் யார்?" என்றுதான் கேட்பார். முன்னால் போய் நிற்க வேண்டியவர்கள் இருபது, முப்பது வயது மகனும் மகளும்தான்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் சமூகப் பணி செய்யும்போது இந்த வயதினரிடமிருந்து திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும், இது தொடர்பாக வெளியுலகில் நடந்தவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

சிதறிக் கிடக்கும் தோட்டங்கள்

நுவரெலியா மாவட்டத்தைப் போலச் சப்ரகமுவவில் தமிழர் செறிந்து வாழவில்லை. இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை, நிவித்திகலை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை என்று தேயிலை, இறப்பர் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தனித்தனியாகக் கிடக்கின்றன. 1977இலும் 1981 ஆகஸ்டிலும் நடந்த வன்செயல்களின் பின் இங்கிருந்து பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறின. அங்கும் யுத்தம் அவர்களை விடவில்லை. இதை வாசிக்கும் சகோதரிகளில் சிலருக்கு அம்மாவோ அம்மாயியோ பிறந்த இடம் இந்த மலைகளாக இருக்கக் கூடும்.

இப்படிச் சிதறி வாழ்வதன் விளைவு ஆஸ்பத்திரியில் நன்றாகத் தெரியும். நோயாளி பேசுவது தமிழ். வாட்டில் பெரும்பாலும் பேசப்படுவது சிங்களம். டிக்கட்டில் எழுதப்படுவது ஆங்கிலம். முப்பது வருடம் கொழுந்து பறித்த ஒரு தாய், தனக்கு வந்திருப்பது என்ன நோய் என்று சரியாகத் தெரியாமலே பல மாதம் கிளினிக்குக்குப் போய் வருவதுண்டு. கொழும்பில் கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலை செய்து சிங்களம் பழகிய மகனோ மகளோ தொலைபேசியில் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறார். கெட்ட செய்தியை முதலில் கேட்பவர் அந்தப் பிள்ளை. அதை அம்மாவிடம் சொல்வதா மறைப்பதா என்று முடிவு செய்பவரும் அந்தப் பிள்ளையே. இருபத்திரண்டு வயதில் ஒருவர் சுமக்கும் பாரம் இது.

வீட்டின் அமைப்பும் ஒரு காரணம். ஒரே காம்பராவும் ஒரு இஸ்தோப்பும் உள்ள லயத்தில் நோயாளியை எங்கே படுக்க வைப்பது? சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை எங்கே உட்காருவது? கக்கூஸ் பத்துப் படி கீழே இருந்தால் நடக்க முடியாதவரை யார் தூக்கிப் போவது? "வீட்டில் வைத்துப் பார்க்கிறோம்" என்று சொல்வதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டியவை இவை.

இளையவர்கள் சொல்வது

இந்த விடயத்தை எடுத்தவுடன் இளையவர்களிடமிருந்து வரும் முதல் பதில், "அதை வாயால் சொல்லக் கூடாது" என்பதுதான். சொன்னால் நடந்துவிடும் என்ற பயம். படித்த பிள்ளைகளிடமும் இது உண்டு. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. நேசிக்கும் ஒருவரின் முடிவை மனத்தில் நினைத்துப் பார்க்கவே முடியாத தவிப்பு அது.

இரண்டாவது பதில் கடமை பற்றியது. "எங்களை வளர்க்க அம்மா மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேறினாங்க. கடைசி வரைக்கும் எல்லாம் செய்து பார்க்கணும்" என்கிறார்கள். இதில் அன்பு இருக்கிறது. அதோடு, லயத்து ஆட்கள் என்ன பேசுவார்கள் என்ற அச்சமும் இருக்கிறது. காசைப் பார்த்துத் தாயைச் சாக விட்டான் என்ற பழி வந்துவிடக் கூடாது. அதனால்தான், இனிக் குணமாகாது என்று அரசாங்க வைத்தியசாலையில் சொன்ன பிறகும், நகையை அடகு வைத்துத் தனியார் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் குடும்பங்கள் இருக்கின்றன. அம்மா அதை விரும்பினாரா என்று யாரும் கேட்பதில்லை. கடன் மட்டும் பிள்ளைகளோடு நின்றுவிடுகிறது.

மூன்றாவது பதில் யுவதிகளிடமிருந்து வருவது. "முடிவு அண்ணன்தான் எடுப்பார்." படுக்கையில் கிடப்பவரைத் துடைத்து, ஊட்டி, இரவெல்லாம் விழித்திருப்பது மகளோ மருமகளோ. எந்த நேரத்தில் வலி கூடுகிறது, எதைக் கேட்டு அழுகிறார் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். ஆனால் கையொப்பம் போட வெளியூரிலிருந்து ஆண்பிள்ளை வர வேண்டும். பராமரிப்பு பெண்ணுக்கு, தீர்மானம் ஆணுக்கு என்ற இந்தப் பங்கீடு கடைசி மூச்சு வரை தொடர்கிறது.

நான்காவதாக, தங்களைப் பற்றிக் கேட்டால் சிரிக்கிறார்கள். "எனக்கு என்ன வயசு? அதெல்லாம் கிழடு கட்டைகளுக்கு" என்கிறார்கள்.

இவர்களிலிருந்து வேறுபட்டுப் பேசுகிற ஒரு சிலரும் உண்டு. அப்பாயியையோ தாத்தாவையோ படுக்கையில் பார்த்துப் பராமரித்தவர்கள் அவர்கள். வாய்ப் புற்றுநோயால் கஞ்சியும் விழுங்க முடியாமல் கிடந்தவரைக் கண்ணால் பார்த்த பிள்ளை, "முன்னமே கேட்டிருக்கலாம்" என்று சொல்கிறது. வெற்றிலையும் புகையிலையும் இறங்காத வாய்கள் நிறைந்த தோட்டத்தில் இந்த அனுபவம் அபூர்வமானதல்ல. இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோயே.

நான்கு இளம் பெண்கள்

"அதெல்லாம் கிழடு கட்டைகளுக்கு" என்ற பேச்சுக்கு உலக வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. கடைசிக் காலச் சிகிச்சை பற்றி நீதிமன்றங்களை யோசிக்க வைத்த பெயர்போன வழக்குகளில் நான்கு, இருபது வயதுகளில் இருந்த பெண்களைப் பற்றியவை.

அமெரிக்காவின் கரேன் ஆன் குவின்லன் 1975இல் நினைவிழந்தபோது அவருக்கு வயது 21. சுவாச இயந்திரத்தை அகற்றும்படி கேட்டுப் பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். 1976இல் நியூ ஜேர்சி மாநில உயர் நீதிமன்றம் அதற்கு அனுமதி கொடுத்தது. இயந்திரம் எடுக்கப்பட்ட பிறகும் நினைவில்லாமலே 1985 வரை அவர் இருந்தார். நான்சி குரூசன் 1983இல் வாகன விபத்தில் சிக்கியபோது வயது 25. அவர் என்ன விரும்பியிருப்பார் என்பதற்குத் தெளிவான சான்று வேண்டும் என்று மாநிலம் கேட்கலாம் என அமெரிக்க உயர் நீதிமன்றம் 1990இல் சொன்னது. அதே வருடத்தில், நோயாளியின் முன்கூட்டிய விருப்பத்தைப் பற்றி வைத்தியசாலைகள் கேட்டறிய வேண்டும் என்ற சட்டம் அங்கே இயற்றப்பட்டது. டெரி ஷையாவோ 1990இல் 26 வயதில் மயங்கி விழுந்தார். கணவர் ஒரு பக்கமும் பெற்றோர் மறுபக்கமுமாக ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். 2005 மார்ச்சில் அவர் இறந்தார். அதற்குள் ஒரு குடும்பம் இரண்டாக உடைந்திருந்தது.

நான்காமவர் எமக்கு மிகவும் கிட்டியவர். மும்பையில் கே.ஈ.எம். வைத்தியசாலையில் தாதியாக வேலை செய்த அருணா ஷான்பாக், 1973இல் அங்கேயே வேலை செய்த ஒருவனின் கொடூரத் தாக்குதலுக்கு உள்ளாகி, மூளை பாதிக்கப்பட்டுப் படுக்கையில் விழுந்தார். அப்போது வயது 25. சுமார் 42 வருடங்கள் அதே வைத்தியசாலைத் தாதிகள் தலைமுறை தலைமுறையாக அவரைத் தம் சகோதரியைப் போலப் பார்த்தார்கள். அவரைப் பற்றிப் புத்தகம் எழுதிய பிங்கி விரானி, உணவூட்டுவதை நிறுத்தக் கோரி வழக்குத் தொடுத்தார். 2011 மார்ச்சில் இந்திய உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. அருணாவைப் பார்த்துவந்த வைத்தியசாலையினர் அவர் வாழ வேண்டும் என்றார்கள். நீதிமன்றம் அவர்களுடைய வார்த்தைக்கே மதிப்புக் கொடுத்தது. 2015 மே மாதத்தில் அருணா நிமோனியாவால் இறந்தார்.

இங்கே யார் சரி, யார் பிழை என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமல்ல. நால்வரைப் பற்றியும் மற்றவர்கள்தான் பேசினார்கள். அவர்களில் ஒருவரும் தம் விருப்பத்தை எழுதி வைத்திருக்கவில்லை. அந்த வயதில் யார்தான் எழுதி வைப்பார்கள்? எமது இளைஞர்களும் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள், கட்டட வேலைக்கு உயரத்தில் ஏறுகிறார்கள், வீட்டுப் பணிக்காகக் கடல் கடந்து போகிறார்கள். வயது ஒரு காவல் அல்ல.

சட்டம் எங்கே நிற்கிறது?

இந்தியாவில் 2018 மார்ச் 9ஆந் திகதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. குணமாக வழியில்லாத நிலையில் உயிரைச் செயற்கையாக நீடிக்கும் சிகிச்சை தனக்கு வேண்டாம் என்று வயது வந்த ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்பதே அது. நடைமுறை கடினமாக இருந்ததால் 2023 ஜனவரியில் அதை எளிதாக்கினார்கள். நீதவான் முன் போக வேண்டியதில்லை. இரண்டு சாட்சிகளோடு நொத்தாரிசு அல்லது உயர்நிலை அரச அதிகாரி ஒருவர் முன் கையொப்பம் இட்டால் போதும்.

இலங்கையில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. ஆனால் சுயநினைவோடு இருக்கும் வயது வந்த நோயாளியின் சம்மதத்தைக் கேட்டே சிகிச்சை செய்ய வேண்டும் என்பது வைத்திய ஒழுக்க நெறி. நினைவு தப்பிய பிறகு, அவர் முன்பு என்ன சொன்னார் என்பதற்குக் கையில் ஒரு கடதாசி இருந்தால், வைத்தியருக்கும் உறவினருக்கும் அது பெரிய வழிகாட்டி.

இரண்டு குழப்பங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, இது மரண சாசனம் அல்ல. மரண சாசனம் இறந்த பிறகு சொத்தைப் பற்றிப் பேசுவது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாவிடில் ஐந்து சாட்சிகளும் அதற்கு வேண்டும். நாம் பேசுவது உயிரோடிருக்கும்போது நடக்க வேண்டிய பராமரிப்பைப் பற்றி. மற்றது, இது கருணைக்கொலையும் அல்ல. ஊசி போட்டு உயிரை எடுப்பது இலங்கையில் குற்றம். பயன் தராத சிகிச்சையை வேண்டாம் என்பதும், வலி போக்கும் மருந்தை வேண்டும் என்பதும் முற்றிலும் வேறானவை.

குணப்படுத்த முடியாதபோதும் செய்யக் கூடியவை

"இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கொண்டு போங்கள்" என்ற வார்த்தையைக் கேட்டு உடைந்து போகும் பிள்ளைகள் பலர். உண்மையில் அப்போதும் செய்ய நிறைய உண்டு. வலியைக் குறைப்பது, புண்ணைச் சுத்தமாக வைப்பது, மூச்சுத்திணறலைத் தணிப்பது, மனப் பயத்தைப் போக்குவது ஆகியவற்றையே நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்கிறோம். இதை எல்லா நாடுகளும் தமது சுகாதார சேவையில் சேர்க்க வேண்டும் என்று 2014இல் உலக சுகாதார மகாசபை தீர்மானித்தது. இலங்கையும் 2019 முதல் 2023 வரையான காலத்துக்கு ஒரு தேசிய திட்டத்தை வகுத்தது. மகரகமவில் அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் ஊரிலேயே, இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் சாந்த சேவன இல்லத்தில் கடைசிக் கட்ட நோயாளிகளைப் பராமரிக்கிறார்கள்.

கடுமையான வலிக்கு மோர்பின் என்ற மருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. "மோர்பின் என்றால் போதை, அது கொடுத்தால் சீக்கிரம் செத்துப் போவார்" என்ற பயம் எம்மவரிடம் உண்டு. வைத்தியர் சொன்ன அளவில் கொடுக்கும்போது அது வலியைத்தான் எடுக்கிறது, உயிரை அல்ல. வலி இருக்கிறது என்பதை வெட்கப்படாமல், எந்த மொழியிலாவது, வைத்தியரிடம் சொல்ல வேண்டும். "வலி" என்பதற்குச் சிங்களத்தில் "வேதனாவ" என்ற ஒரு சொல்லைத் தெரிந்து வைத்திருந்தாலும் உதவும்.

இளையவர்கள் இதில் என்ன செய்ய முடியும் என்பதற்குக் கேரளம் நல்ல உதாரணம். 1993இல் கோழிக்கோடு வைத்தியக் கல்லூரியில் வைத்தியர் ராஜகோபால், வைத்தியர் சுரேஷ் குமார் முதலானோர் நோய்த்தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். சில வருடங்களில் அது வைத்தியசாலைச் சுவரைத் தாண்டி ஊர்களுக்குப் பரவியது. குடும்பப் பெண்களும் மாணவர்களும் தொழிலாளரும் பயிற்சி பெற்றுப் பக்கத்து வீட்டு நோயாளியைப் போய்ப் பார்த்தார்கள். ஊரே சில்லறையாகக் காசு சேர்த்தது. 2008இல் கேரள அரசு இதைத் தனது கொள்கையாக ஏற்றது. மரண உதவிச் சங்கம் நடத்தத் தெரிந்த எமது தோட்டத்துக்கு இது எட்டாத காரியம் அல்ல. சங்கக் கூட்டத்தில் படுக்கை நோயாளிகளுக்காகவும் பத்து நிமிடம் ஒதுக்கினால், அதுவே தொடக்கம்.

வீட்டில் பேச வேண்டிய ஐந்து விடயங்கள்

சகோதரிகளே, இதைப் பேச நோய் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தீபாவளிக்கோ தைப்பொங்கலுக்கோ எல்லோரும் வீட்டுக்கு வரும்போது, பலகாரம் சுடுகிற அடுப்படியிலேயே பேச்சைத் தொடங்கலாம். "அப்பாயி படுத்த மாதிரி உங்களுக்கு வந்தால் நாங்க என்ன செய்யணும்மா?" என்ற ஒரு கேள்வி போதும். பிள்ளை கேட்கத் தயங்கினால் தாயே தொடங்கலாம்.

1. எனக்காகப் பேசப் போவது யார்? மூத்தவர் என்பதற்காகவோ ஆண் என்பதற்காகவோ அல்லாமல், என்னை நன்கு அறிந்தவரும் தொடர்புகொள்ளக் கூடியவருமான ஒருவர். அவருக்கு மாற்றாக இன்னொருவர்.

2. எங்கே இருக்க விரும்புகிறேன்? வீட்டிலா, வைத்தியசாலையிலா? வீட்டில் என்றால் யார் பார்ப்பது, அவளுக்கு யார் உதவி? அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

3. என் நோயைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? இதை முன்னரே கேட்டுவிட்டால் மொழிபெயர்க்கும் பிள்ளையின் பாரம் பாதியாகக் குறையும்.

4. எது வேண்டும், எது வேண்டாம்? வலி மருந்து, சுவாச இயந்திரம், குழாய் வழி உணவு, கடன் பட்டுச் செய்யும் சிகிச்சை ஆகியவை பற்றி.

5. பிறகு என்ன? அடக்கமா, தகனமா, எந்தச் சமய முறைப்படி? ஊழியர் சேமலாப நிதியிலும் ஊழியர் நம்பிக்கை நிதியிலும் யாருடைய பெயரைக் கொடுத்திருக்கிறேன்? திருமணத்துக்கு முன் எழுதிக் கொடுத்த பெயரே இன்னும் இருக்கக் கூடும். பார்த்துத் திருத்திக்கொள்வது நல்லது.

இவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதி, திகதியிட்டு, கையொப்பமோ கைநாட்டோ வைத்து, இரண்டு பேரைச் சாட்சி போடச் சொல்லுங்கள். சிங்களம் தெரிந்த பிள்ளையைக் கொண்டு அதற்குக் கீழேயே சிங்களத்திலும் எழுதுவியுங்கள். வாட்டில் வாசிக்க முடியாத கடதாசியால் பயனில்லை. கிளினிக் புத்தகமும் அடையாள அட்டைப் பிரதியும் இருக்கும் உறையிலேயே அதை வையுங்கள். மனம் மாறினால் கிழித்துவிட்டு வேறு எழுதலாம். இதைத் தாய்க்கு மட்டும் எழுதாமல், பதினெட்டு வயதைக் கடந்த பிள்ளையும் தனக்கொன்று எழுதட்டும். அப்போது அது சாவுப் பேச்சாக இல்லாமல் குடும்பப் பேச்சாக மாறிவிடும்.

யுத்தத்தின் பின் தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்களுக்கு இதில் இன்னுமொரு அவசியம் இருக்கிறது. கணவர் காணாமல் ஆக்கப்பட்ட, பிள்ளைகள் சிறியவர்களாக உள்ள, உடன்பிறப்புகள் வெளிநாட்டில் இருக்கும் வீட்டில், "நெருங்கிய உறவினர் யார்?" என்ற கேள்விக்குச் சட்டென்று பதில் கிடையாது. தங்கையா, மாமியாரா, பக்கத்து வீட்டு அக்காவா என்று நீங்களே இன்றைக்குச் சொல்லி வைத்தால்தான் உண்டு. பிள்ளைகள் யாரிடம் வளர வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதலாம்.

தமக்குரியவர்களின் கடைசி வார்த்தையைக் கேட்கக் கொடுத்து வைக்காதவர்கள் எம்மிடையே ஏராளம். அந்த வாய்ப்பு எமக்கு மறுக்கப்பட்டது. இப்போது அம்மா அடுப்படியில் உயிரோடு இருக்கிறார், பிள்ளை லீவில் வந்திருக்கிறது. கேட்பதற்கும் சொல்வதற்கும் ஒரு தடையும் இல்லை. ஒரு கொப்பித் தாளும் பேனாவும் எடுத்தால் போதும்.